ஓசையை அளந்த சேபின்

1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் ஒரு கலைக்கூடத்தைக் கட்டி முடித்தனர். ஃபாக் கலைக்கூடம் என்பது அதன் பெயர். ரிச்சர்டு மாரிஸ் ஹண்ட் என்னும் புகழ்பெற்ற கட்டிடக் கலைஞர் வரைந்த திட்டம் அது. உள்ளே அழகான விரிவுரை மண்டபம் ஒன்று இருந்தது. அழகுக்குக் குறைவில்லை, ஆனால் அங்கே பேசியது எவருக்கும் விளங்கவில்லை. ஆசிரியர் ஒரு சொல்லைச் சொன்னால் அச்சொல் ஐந்தரை வினாடி நேரம் சுவருக்குச் சுவர் அலைந்துகொண்டே இருந்தது. நிதானமாகப் பேசுகிறவர்கூட அதற்குள் அடுத்த பன்னிரண்டு பதினைந்து அசைகளைச் சொல்லிவிடுவார். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பின. பெரும்பொருள் செலவிட்டுக் கட்டிய மண்டபத்தில் பாடம் நடத்த ஆசிரியர்கள் அஞ்சினர்.

பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட் கண்டிப்பானவர். இதற்கு வழி காணும்படி பௌதிகத் துறைக்குச் சொல்லி அனுப்பினார். அத்துறையின் மூத்தவர்களுக்கு இதில் நாட்டமில்லை. மண்டபத்தின் ஓசை நலம் கட்டுகிறவனின் யோகத்தைப் பொறுத்தது என்று உலகமே நம்பிய காலம் அது. மண்டபத்தின் குறுக்கே கம்பிகளை இழுத்துக் கட்டினால் இரைச்சல் அடங்கும் என்பார்கள். நீள அகல உயரங்கள் இன்ன விகிதத்தில் இருந்தால் போதும் என்பார்கள். கம்பியும் கட்டிப் பார்த்தார்கள், விகிதமும் பிடித்துப் பார்த்தார்கள், பயனில்லை. கடைசியில் இந்த வேலை துறையிலேயே இளையவர் ஒருவர் தலையில் வந்து விழுந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. டாக்டர் பட்டம் இல்லை. பெயர் சொல்லும்படியான ஆராய்ச்சியும் இல்லை. அவர்தாம் வாலஸ் கிளமென்ட் சேபின்.

சேபின் 1868-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் ஒஹாயோ மாநிலத்தில் ரிச்வுட் என்னும் சிற்றூரில் பிறந்தார். பிள்ளைகளின் படிப்பே தாயாரின் உயிர்மூச்சு. மகன் பதினெட்டாம் வயதில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றதும் ஹார்வர்டுக்கு வந்தார். 1888-இல் எம்.ஏ. முடித்தார். அதோடு அவருடைய பட்டங்கள் முடிந்தன. பின்னர் பெரிய பதவிகளை வகித்த காலத்திலும் டாக்டர் பட்டத்துக்காக அவர் முயலவில்லை. ஆராய்ச்சி மாணவர்களாகிய நமக்கு இது ஆறுதலா எச்சரிக்கையா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். பட்டம் பெற்றபின் அங்கேயே ஆசிரியரானார். மாணவர்களுக்குச் சோதனைக்கூடப் பயிற்சி அளிப்பதில் அவருக்கு இணையில்லை என்று பெயர். அளவைப் பயிற்சிக்காக 1893-இல் ஒரு கையேடும் வெளியிட்டார். அளப்பதில் இருந்த இந்தப் பிடிவாதந்தான் பின்னால் அவருக்குக் கைகொடுத்தது. சில வேளைகளில் வாட்டியும் எடுத்தது.

எலியட் எதிர்பார்த்தது சில வாரத்து வேலை. சேபின் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மண்டபத்தைச் சரிசெய்ய வேண்டுமானால் எல்லா மண்டபங்களுக்கும் பொதுவான விதி என்ன என்று முதலில் தெரிய வேண்டும் என்று நினைத்தார். பக்கத்தில் சாண்டர்ஸ் அரங்கம் என்று ஒன்று இருந்தது. அளவில் மிகப் பெரியது; ஆனாலும் பேச்சு அங்கே தெளிவாகக் கேட்கும். அந்த அரங்கத்தின் இருக்கைகளில் தடித்த மெத்தைகள் போட்டிருந்தார்கள். சேபினின் கண் அந்த மெத்தைகள்மேல் விழுந்தது.

அதன்பின் நடந்தது கதை போல இருக்கும். பகலில் சாண்டர்ஸ் அரங்கத்துக்கு மெத்தைகள் வேண்டும். பகலில் வண்டிச் சத்தமும் மாணவர் நடமாட்டமும் ஓயாது. ஆகவே நள்ளிரவில் டிராம் வண்டிகள் அடங்கியபின் வேலை தொடங்கும். சேபினும் உதவியாளர்களும் மெத்தைகளை ஃபாக் மண்டபத்துக்குச் சுமந்து வருவார்கள். சில மீட்டர் நீளம் விரிப்பார்கள், அளப்பார்கள். இன்னும் சில மீட்டர் விரிப்பார்கள், மீண்டும் அளப்பார்கள். விடிவதற்குள் மெத்தைகள் எல்லாம் தம் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். காலையில் வழக்கம்போல் வகுப்பு. இப்படி ஓர் இரவல்ல, இரண்டிரவல்ல. மூன்று ஆண்டுகள் நடந்தது.

கருவிகள் எளியவை. 512 அதிர்வுள்ள ஓர் ஆர்கன் குழல், அதை ஒரே அழுத்தத்தில் ஊதுவதற்குக் காற்றுத் தொட்டி, நேரத்தைக் குறிக்கும் கருவி, பிறகு சேபினின் காது. இன்று நாம் பயன்படுத்தும் ஒலிவாங்கியோ பெருக்கியோ அவரிடம் இல்லை. குழல் ஒலிக்கும், நிறுத்துவார், எஞ்சிய ஓசை தேய்ந்து தேய்ந்து காதுக்கு எட்டாமற் போகும் கணத்தைக் குறிப்பார். காதை நம்பியா விஞ்ஞானம் என்று ஐயம் எழலாம். ஆனால் அவருடைய அளவைகள் மீண்டும் மீண்டும் எடுத்தபோதும் மிகச் சிறிதே மாறின. பிற்காலத்தார் நுட்பமான கருவிகளால் அளந்தபோது அவருடைய எண்களைக் கண்டு வியந்தார்கள்.

அந்த நுட்பத்துக்கு அவர் கொடுத்த விலையைக் கேளுங்கள். இரண்டு மாதம் இரவுகளில் உழைத்து 3,000-க்கும் மேற்பட்ட அளவைகளை எடுத்திருந்தார். அவற்றில் ஒரு சிறு முரண்பாடு தென்பட்டது, காரணம் புலப்படவில்லை. தேடித் தேடிப் பார்த்ததில் குற்றவாளி அவருடைய உடுப்பு என்று தெரிந்தது! ஒரு நாள் தடித்த கோட்டு, இன்னொரு நாள் மெல்லிய கோட்டு. அந்த வேறுபாடு ஓசையைக் கூட்டவும் குறைக்கவும் செய்திருந்தது. சேபின் என்ன செய்தார்? அத்தனை அளவைகளையும் தூக்கி எறிந்தார். அதன்பின் அளக்கும்போதெல்லாம் ஒரே உடுப்பு: நீல நிறக் குளிர்காலக் கோட்டு, உட்சட்டை, கால்சட்டை, உயர்ந்த காலணி. இது குறிப்பேட்டிலும் ஏறியது. பின்னர் அதுவும் போதாதென்று ஒரு மரப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு தலையை மட்டும் வெளியே நீட்டி அளந்தார். நள்ளிரவில் வெற்று மண்டபத்தில் ஒரு பெட்டியின்மேல் ஒரு தலை. யாராவது மாணவன் அந்த நேரத்தில் எட்டிப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பானோ!

நம்மில் பலர் ஆய்வுக்கூடத்தில் ஒரு வாரத்து அளவைகளைக் கைவிடவே மனம் வராமல், வளைகோட்டுக்குப் பொருந்தாத புள்ளியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போகிறோம். அதனால் இந்த 3,000 அளவைகளின் கதை எனக்கு அவருடைய சூத்திரத்தைவிடப் பெரிதாகப் படுகிறது.

எதை அலகாகக் கொள்வது என்பது அடுத்த கேள்வி. மெத்தையை அலகாக வைத்தால் ஹார்வர்டுக்கு வெளியே யாருக்கும் பயன்படாது. சேபின் திறந்த சன்னலை எடுத்துக்கொண்டார். திறந்த சன்னல் வழியே சென்ற ஓசை திரும்பி வருவதில்லை. அது முழு உறிஞ்சி. ஆகவே ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னல் என்பதை ஒன்று என்று வைத்து, மற்ற எல்லாப் பொருள்களையும் அதனோடு ஒப்பிட்டார். சுண்ணச் சுவர், மரப்பலகை, கம்பளம், திரை என ஒவ்வொன்றாக எண் பெற்றன. மனிதர்களையும் விடவில்லை. தனித்து நிற்கும் ஆடவர் 0.48 சதுர மீட்டர் சன்னலுக்குச் சமம், பெண் 0.54. கூட்டமாக அமர்ந்தால் ஆளுக்கு 0.44. பெண்களின் எண் கூடுதலாக இருப்பதற்கு அந்தக் காலத்து அமெரிக்க உடையே காரணம். வேறு பொருள் கொள்ள வேண்டாம்.

அளவைகள் குவிந்தன. ஆனால் விதி வெளிப்படவில்லை. 1897-இல் எலியட் பொறுமை இழந்தார். ஃபாக் மண்டபத்தைச் செப்பனிடுவதற்குப் போதிய விவரம் கிடைத்துவிட்டது, காரியத்தை முடிக்கலாம் என்று சொல்லிவிட்டார். சேபின் சுவர்களில் தடித்த மயிர்க்கம்பளம் பதிக்கச் செய்தார். மண்டபம் பேசத்தக்கதாயிற்று. சிறந்ததாயிற்று என்று அவரே சொல்லமாட்டார்.

இந்த நேரத்தில் பாஸ்டன் இசைக் குழுவை நிறுவிய ஹென்றி லீ ஹிகின்சன் புதிய இசையரங்கு ஒன்று கட்ட முனைந்தார். கட்டிடக் கலைஞர் சார்லஸ் மெக்கிம் முதலில் கிரேக்க அரங்கு போல ஒரு திட்டம் வரைந்தார், அது கைவிடப்பட்டது. இலக்கங்கள் பெரியவை, பொறுப்பும் பெரியது. ஓசை கெட்டால் திருத்த வழியில்லை. எலியட் சேபினின் பெயரைச் சொன்னார். சேபின் தயங்கினார். கையில் எண்கள் இருக்கின்றன. எண்களைக் கட்டும் விதி இல்லை. விதியில்லாமல் கட்டப்படாத மண்டபத்தைப் பற்றி எப்படிச் சொல்வது?

1898 அக்டோபர் இறுதியில் ஓர் இரவு, பழைய அளவைகளை மீண்டும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மெத்தையின் நீளம் ஒரு பக்கம், ஓசை எஞ்சும் நேரம் ஒரு பக்கம். திடீரென்று விளங்கிற்று: அந்த வளைகோடு ஓர் அதிபரவளையம்! அடுத்த அறைக்கு ஓடி, தம்முடன் வசித்த தாயாரிடந்தான் முதலில் சொன்னாராம். மறுநாளே எலியட்டுக்குக் கடிதம் எழுதி, இசையரங்கு வேலையை ஏற்பதாகத் தெரிவித்தார்.

கணக்கு எவ்வளவு எளியது என்று பாருங்கள். வெற்று மண்டபத்தின் சுவரும் தரையும் கூரையும் சேர்ந்து ஏறக்குறைய 146 மீட்டர் மெத்தைக்குச் சமமாக உறிஞ்சுகின்றன என்று கொள்வோம். மெத்தையே இல்லாதபோது நேரம் 5.6 வினாடி, 146-ஐ 5.6-ஆல் பெருக்கினால் 818. எட்டு மீட்டர் மெத்தை விரித்தபோது 5.33 வினாடி, 154-ஐ 5.33-ஆல் பெருக்கினால் 821. பதினேழு மீட்டருக்கு 4.94 வினாடி, 163-ஐப் பெருக்கினால் 805. பெருக்குத்தொகை மாறாமல் நிற்கிறது. மெத்தை கூடக் கூட நேரம் அதே விகிதத்தில் குறைகிறது. கிடைத்த மெத்தைகளை எல்லாம் இருக்கை, நடைபாதை, மேடை, பின்சுவர் என்று நிரப்பியபோது 1.14 வினாடிக்கு இறங்கியது. மண்டபங்களை மாற்றி அளந்ததில், அந்த மாறா எண் மண்டபத்தின் கன அளவைப் பொறுத்தது என்பதும் தெரிந்தது. ஆகவே விதி இது: எதிர்முழக்க நேரம் என்பது கன அளவை மொத்த உறிஞ்சலால் வகுத்து 0.16-ஆல் பெருக்கினால் வருவது. ஓசையின் செறிவு பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைவதற்கு ஆகும் நேரமே எதிர்முழக்க நேரம்.

நம் மன்றத்தின் பொங்கல் விழாவுக்கு வந்தவர்களுக்கு இந்த விதி அனுபவத்தில் தெரியும். பிற்பகல் ஒத்திகையில் பட்டிமன்றப் பேச்சு ஒன்றுமே புரியாமல் மண்டபம் முழங்கிற்று. மாலையில் கூட்டம் நிறைந்ததும் அதே மண்டபத்தில் அதே பேச்சு தெளிவாகக் கேட்டது. இருபது மீட்டர் நீளம், பன்னிரண்டு மீட்டர் அகலம், எட்டு மீட்டர் உயரம் என்று ஒரு மண்டபத்தைக் கொள்ளுங்கள். கன அளவு 1,920. சுவர் முதலியவற்றின் உறிஞ்சல் 60 என்றால் எதிர்முழக்கம் ஐந்து வினாடிக்குச் சற்று மேல். முந்நூறு பேர் வந்து அமர்ந்தால் ஆளுக்கு 0.44 வீதம் 132 கூடும், மொத்தம் 192. எதிர்முழக்கம் 1.6 வினாடி. பேச்சாளர் மாறவில்லை, கேட்பவர்கள் தங்கள் உடுப்பாலும் உடலாலும் அவருக்கு உதவி செய்திருக்கிறார்கள்.

இசையரங்குக் கதைக்கு வருவோம். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து கெவாந்தவுஸ் அரங்கு அந்நாளில் இசைக்கு இலக்கணம் எனப் போற்றப்பட்டது. ஆனால் அது சிறிது. பாஸ்டனுக்கு வேண்டியது சுமார் 2,600 இருக்கை. லைப்சிக் அரங்கையே எல்லாப் பக்கமும் சமமாகப் பெருக்கிக் கட்டலாம் என்பது யோசனை. சேபின் கணக்கிட்டுக் காட்டினார். பக்கங்களைப் பெருக்கினால் கன அளவு மும்மடியாக ஏறும். உறிஞ்சும் பரப்பு இருமடியாகத்தான் ஏறும். ஆகவே எதிர்முழக்கம் நீளும். லைப்சிக்கில் 2.30 வினாடியாக இருப்பது பாஸ்டனில் மூன்று வினாடியைத் தாண்டிவிடும். அதனால் அகலத்தை அடக்கி, நீண்ட பெட்டி வடிவில் இரண்டு மாடங்களோடு கட்டும்படி செய்தார். தம் சூத்திரப்படி 2.31 வினாடி வரும் என்றார். ஒரு கட்டிடம் எழும்புமுன் அதன் ஓசை காகிதத்தில் கணக்கிடப்பட்டது இதுவே முதல் தடவை.

1900 அக்டோபர் 15-ஆம் நாள் சிம்பொனி மண்டபம் திறக்கப்பட்டது. அந்த ஆண்டில்தான் மருத்துவரான ஜேன் கெல்லி என்பவரை சேபின் மணந்தார். விழாவுக்குப் பின் அவர் கேட்டது முழுப் பாராட்டு அன்று. பழைய இசைக்கூடத்துக்குப் பழகிய விமரிசகர்கள் சிலர் குறை சொன்னார்கள். ஓசையில் நிறைவு இல்லை என்றார்கள். சேபின் மறுமொழி சொல்லவில்லை. பிந்திய கட்டுரைகளில் எத்தனையோ மண்டபங்களைப் பற்றி எழுதியவர், தம் பெயருக்கு முதற்காரணமான இந்த மண்டபத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று அவருடைய நூல்களை ஆய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். பல ஆண்டுகள் கழித்து உலகத்தின் மிகச் சிறந்த மூன்று இசையரங்குகளில் ஒன்றாக, வியன்னாவுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் பக்கத்தில், அது வைத்து எண்ணப்பட்டது. அப்போது சேபின் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கூட்டம் நிறைந்திருக்கும்போது அந்த மண்டபத்தில் பிற்காலத்தார் அளந்த எதிர்முழக்கம் 2.31 அன்று, 1.8, 1.9 வினாடிதான். அப்படியானால் சேபினின் கணக்கு தவறா? சூத்திரம் தவறவில்லை, ஆளெண்ணிக்கைதான் தவறிற்று. நெருக்கமாக அமர்ந்த கூட்டத்தில் அளந்த 0.44 என்ற எண்ணை அவர் பாஸ்டனிலும் பயன்படுத்தினார். கூட்டம் உறிஞ்சுவது தலைகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று, அது பரந்திருக்கும் தரையின் பரப்பைப் பொறுத்தது என்று லியோ பெரானெக் 1960-இல் காட்டினார். அதே ஆட்கள் சற்று விலகி விசாலமாக அமர்ந்தால் ஆளுக்கு ஆள் அதிகமாக உறிஞ்சுவார்கள்.

அதே பெரானெக் ஆலோசனை சொல்லி நியூயார்க்கில் 1962-இல் ஃபில்ஹார்மானிக் மண்டபம் திறக்கப்பட்டது. அங்கே தாழ்ந்த சுரங்கள் வலுவிழந்து கேட்டன. பெரும் கண்டனம் எழுந்தது. காரணம் தேடிய இரண்டு குழுக்கள் 1964-இல் ஒரே விடையை வெளியிட்டன: குற்றம் இருக்கை வரிசைகளிலும் இருக்கிறது. இருக்கைகள் சம இடைவெளியில் சீப்பின் பற்கள் போல அணிவகுத்து நிற்கின்றன. மேடையிலிருந்து அவற்றின் தலைக்கு மேலாக உரசிச் செல்லும் ஓசையில் 100 முதல் 200 அதிர்வு வரையுள்ள பகுதி பெரிதும் இழக்கப்படுகிறது. இருக்கையில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது நிகழும். இரண்டு வரிசைகளுக்கு இடையிலுள்ள பள்ளம் ஒரு முனை மூடிய குழல் போன்றது. அலைநீளத்தில் கால்பங்கு ஆழம் இருந்தால் அது ஒத்ததிரும். 150 அதிர்வுள்ள ஓசையின் அலைநீளம் சுமார் 2.27 மீட்டர், அதில் கால்பங்கு 57 சென்டிமீட்டர். நாற்காலியின் முதுகை ஒரு முறை அளந்து பாருங்கள், கணக்கு எங்கே நிற்கிறது என்று தெரியும்.

சீராக அடுக்கிய பொருள்களிடம் அலைகள் இப்படித் தனி நடத்தை பெறும் என்பதைச் சேபின் வேலை தொடங்குவதற்கு எட்டாண்டு முன்பே, 1887-இல், ராலே பிரபு கணிதத்தில் காட்டியிருந்தார்: சீரான இடைவெளியில் மாறும் ஊடகத்தில் சில அதிர்வெண்கள் நுழையவே முடியாது. இதற்குக் கண்ணால் காணத்தக்க சான்று 1995-இல் கிடைத்தது. மாட்ரிட் நகரில் யூசேபியோ செம்பெரே என்னும் சிற்பி எஃகுக் குழாய்களைப் பத்துப் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக நட்டு ஒரு சிற்பம் அமைத்திருந்தார். ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அதன் ஊடே ஓசையைச் செலுத்தினார்கள். 1,670 அதிர்வுள்ள ஓசை மிகவும் மங்கிப்போயிற்று. அந்த ஓசையின் அலைநீளம் இருபது சென்டிமீட்டர், அதாவது இடைவெளியைப் போல் இருமடங்கு. படிகத்தில் எக்ஸ் கதிருக்கு நாம் படிக்கும் அதே பிராக் விதி! இங்கே குழாய்கள் ஓசையை உறிஞ்சவில்லை. சேர்ந்து நின்று திருப்பி அனுப்பிவிட்டன. அந்தக் குழாய்களுக்குள்ளேயே சிறு பள்ளங்களையும் துளைத் தகடுகளையும் வைத்து, திருப்பவும் உறிஞ்சவும் வல்ல அமைப்புகளை இன்று பல ஆய்வுக்கூடங்களில் செய்கிறார்கள். அவர்களும் உறிஞ்சலை எழுதும்போது, முழுதும் உறிஞ்சினால் ஒன்று, ஒன்றும் உறிஞ்சாவிட்டால் சுழி என்று சேபினின் திறந்த சன்னலைக் கொண்டே எழுதுகிறார்கள்.

சேபினை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம். 1900-க்குப் பின் அவரைத் தேடிக் கட்டிடக் கலைஞர்கள் வரத் தொடங்கினர். அவரோ இசைவாணர்களைத் தேடிப் போனார். சூத்திரம் நேரத்தைச் சொல்லும். எந்த நேரம் நல்லது என்று சொல்லாது. அதை யாரிடம் கேட்பது? பாஸ்டனில் ஒரு புதிய இசைப்பள்ளியில் ஐந்து சிறு அறைகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வோர் அறையிலும் பியானோ வாசிக்கச் சொல்லி, மெத்தைகளைக் கூட்டியும் குறைத்தும், எப்போது இனிமையாக இருக்கிறது என்று இசை வல்லார் சிலரைச் சொல்லச் சொன்னார். அவர்களுக்கு எண்கள் காட்டப்படவில்லை. அவர்கள் தேர்ந்தவற்றைக் கணக்கிட்டால் ஐந்து அறைகளிலும் ஏறக்குறைய ஒன்றே வந்தது, சராசரி 1.08 வினாடி. சுவை என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்போர்க்கு இது ஒரு நல்ல பதில். ஆயினும் பியானோவுக்கும், அந்த நகரத்து அந்தக் காலத்துக் காதுக்கும் பொருந்திய எண் அது என்பதையும் மறக்கலாகாது. நாகசுரத்துக்கும் வீணைக்கும் அதே எண் பொருந்த வேண்டும் என்பதில்லை.

நாடக அரங்குகளின் சிறு மாதிரிகளைச் செய்து, அவற்றினுள் மின்பொறியால் எழுப்பிய ஓசையலை பரவிச் செல்வதை நிழற்படமாகவும் எடுத்தார். கஸ்டாவினோ என்னும் ஓட்டுத் தொழில் நிபுணரோடு சேர்ந்து நுண்துளைகள் கொண்ட ஓடுகளைச் செய்தார். ரம்ஃபோர்டு ஓடு என்று ஒன்று. 1916-இல் அகூஸ்டோலித் என்று மற்றொன்று. கல்லைப் போலத் தோன்றும், கம்பளத்தைப் போல உறிஞ்சும். நியூயார்க்கின் பெரிய தேவாலயங்களில் அவை பதிக்கப்பட்டன.

1906 முதல் சில ஆண்டுகள் பயன்முறை விஞ்ஞானப் பள்ளிக்குத் தலைவராக இருந்தார். நிர்வாகம் ஆராய்ச்சி நேரத்தைத் தின்றது. இதுபற்றி அவர் குறைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் நமக்கு அது இழப்பே. எழுதி வெளியிட்டவை மிகக் கொஞ்சம். ஐயமற்ற எண் கிடைக்கும்வரை அச்சுக்குக் கொடுக்கமாட்டார். எடுத்த அளவைகளில் பெரும்பகுதி வெளிவராமலே அவரோடு மறைந்தது. இந்தக் கடுமையை எல்லாரும் புகழ்வார்கள். நான் முழு மனத்தோடு புகழ மாட்டேன். 3,000 அளவைகளை எறிந்தது சரி. சரியானவற்றையும் பெட்டியில் பூட்டி வைத்ததால் பின்வந்தவர்கள் பல இரவுகளை மறுபடியும் செலவிட வேண்டியதாயிற்று.

முதல் உலகப் போர் வந்தது. 1916-இல் சொற்பொழிவுகளுக்காகப் பாரிஸ் சென்றவர் அங்கே போர்க்கால நிவாரணப் பணியில் ஈடுபட்டார். உடல் நலம் கெட்டது. சிறுநீரக நோய் பற்றிக்கொண்டது. படுத்து எழுந்ததும் விமானக் கருவிகள் பற்றிய ஆராய்ச்சிக்குச் சென்றார். அமெரிக்கா போரில் இறங்கியபின், வாஷிங்டனில் விமானத் துறையின் தொழில்நுட்பச் செய்திகளுக்குப் பொறுப்பேற்றார். ஹார்வர்டில் வகுப்பையும் விடவில்லை. இரண்டு ஊர்களுக்கும் இடையே இரயிலில் ஓடிக்கொண்டே இருந்தார். மனைவியே மருத்துவர், நண்பர்களும் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். போர் முடியட்டும் என்றே இருந்தார். போர் 1918 நவம்பரில் முடிந்தது. 1919 ஜனவரி 10-ஆம் நாள், அறுவைக்குப் பின், ஐம்பதாவது வயதில் சேபின் காலமானார்.

இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஜெனீவா என்னும் ஊரில் ஜார்ஜ் ஃபேபியன் என்ற செல்வர் அவருக்கென்றே ஓர் ஒலிச் சோதனைக்கூடம் கட்டியிருந்தார். திட்டம் சேபினுடையது. நள்ளிரவுக்குக் காத்திராமல் பட்டப்பகலில் அளக்கத்தக்க தடித்த சுவர்கள், அதிர்வு ஏறாத அறை எல்லாம் அமைந்திருந்தன. கட்டிடம் 1918-இல் முடிந்தது. அவர் அங்கே ஓர் அளவையும் எடுக்கவில்லை. உறவினர் பால் சேபின் வந்து பொறுப்பேற்றார். கட்டுரைகள் 1922-இல் ஒரே நூலாக வெளிவந்தன. அவ்வளவும் ஒரு தொகுதிக்குள் அடங்கிவிட்டன. ஒரு சதுர அடி திறந்த சன்னலுக்கு ஒரு சேபின் என்று அலகுக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

ஃபாக் கலைக்கூடம் 1927-இல் வேறு கட்டிடத்துக்கு மாறியது. பழைய கட்டிடத்துக்கு அதை வரைந்தவர் பெயரால் ஹண்ட் மண்டபம் என்று பெயரிட்டு, மேலும் பல ஆண்டுகள் வகுப்பு நடத்தினார்கள். 1973-இல் அதை இடித்துவிட்டு, அந்த இடத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு விடுதி கட்டினார்கள்.